இலவச லாயர் எங்கிருந்து வருகிறார்?

மலேசியாவில், பினாங்கின் பிறை ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அக்கா மகனை நேற்று ராத்திரி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வயது 19. திருட்டு மோட்டார் சைக்கிள் என்கிறார்கள். ஓட்டியவன் கூட்டாளி, இவன் பின்னால் உட்கார்ந்து வந்தவன். அரசாங்கமே லாயர் கொடுக்கும், காசு வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். லாயர் சங்கத்தில் போய்க் கேள் என்கிறார் இன்னொருவர். லாயர் சங்கம் லாயர்களுக்குத்தானே? தொழிற்சங்கம் மாதிரி தங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்ளத்தானே வைத்திருக்கிறார்கள்? நமக்கு எதற்குச் செய்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூலை 8, இரவு 10.40

தம்பி, சங்கம் யாருக்கு என்பதை அப்புறம் பேசலாம். பிடித்த 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 5வது விதி அது. நேற்று ராத்திரி என்றால் இன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். நீ ஸ்டேஷனுக்குப் போ. விசாரணை அதிகாரி யார், எந்தப் பிரிவு, எத்தனை நாள் ரிமாண்ட் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள். விடிந்ததும் தேசிய சட்ட உதவி அறவாரியத்துக்குக் கூப்பிடு. பையன் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், எந்த லோக்காப், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். அக்காவையும் கூட்டிக்கொண்டு போ. தாய் நேரில் வந்து நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ரிமாண்ட் 14 நாள் வரைக்கும் இழுக்கலாம். மனதைத் தயார்படுத்திக்கொள்.

நான் பினாங்குத் தீவில் ஒரு சின்ன லாயர் ஆபீசில் 26 வருடம் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவள். லாயர் இல்லை. லாயர் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் எப்படியாவது அவன் காதில் போடுங்கள்.

ஜூலை 9, காலை 6.15

நேற்று 14 நாள் என்று எழுதியது தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது, தூக்கம் போய்விட்டது. கிட்டத்தட்ட அந்த அளவுக்கு, மொத்தம் 15 நாள் வரைக்கும் இழுக்கலாம் என்பது பழைய சட்டம். அதில் ஊறியவள் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. 2007ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117வது பிரிவை மாற்றினார்கள். 14 வருடத்துக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 வருடமோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ என்றால் 7, மறுபடி 7. மோட்டார் திருட்டு தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு, ஒரு வருடத்திலிருந்து 7 வருடம் வரை. ஆகவே உங்கள் பையனுக்கு 4ம் 3ம்தான். அக்காவிடம் 14 என்று சொல்லியிருந்தால் தயவுசெய்து உடனே மாற்றிச் சொல்.

அதே திருத்தத்தில் வந்ததுதான் 28ஏ பிரிவு. வாக்குமூலம் வாங்குவதற்கு முன்னால், குடும்பத்தில் ஒருவரிடமும் ஒரு லாயரிடமும் தொடர்புகொள்ளலாம் என்று போலீசே அவனுக்குச் சொல்ல வேண்டும். விதிவிலக்கு உண்டு, கூட்டாளி தப்பிவிடுவான், சாட்சியம் அழிந்துவிடும் என்று பெரிய அதிகாரி கருதினால். ஆனால் விதி அதுதான். வயது 19 என்றால் அவனுக்கு இது தெரிந்திருக்காது. நமக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஜூலை 9, மதியம்

பேசிவிட்டாயா? நல்லது. நாளைக்கு ஒரு லாயர் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்கள் என்கிறாய். அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்.

இனி உன் கேள்வி. இங்கே எழுதுகிற பலரும் மூன்று வேறு கதவுகளை ஒரே கதவு என்று நினைக்கிறார்கள்.

முதலாவது அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை. 1970ல் பீரோவாக ஆரம்பித்தது, சட்டம் 1971ல் வந்தது. பிறகு துறையானது. மணவிலக்கு, ஜீவனாம்சம், சின்னச் சொத்துப் பங்கீடு போன்ற சிவில் வேலைதான் அதிகம்.

இரண்டாவது, லாயர் சங்கம் என்று நீ கேட்டாயே, அந்த வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். 1980களின் தொடக்கத்தில் வந்தவை. இதற்கு அரசாங்கக் காசு கிடையாது. லாயர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டு நடத்துவது. கட்டாயப் பணம். என் முதலாளி அந்தக் காசோலையை என்னிடம்தான் எழுதச் சொல்வார், அதனால் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது நீ கூப்பிட்ட அறவாரியம். 2011ல் அறிவித்து, 2012 ஏப்ரலில் வேலையை ஆரம்பித்தார்கள். பணம் அரசாங்கத்துடையது, போய் நிற்கிறவர்கள் தனியார் லாயர்கள். தீபகற்பத்து வழக்கறிஞர் மன்றம், சபா, சரவாக் லாயர் சங்கங்கள், அரசாங்கம் எல்லோரும் சேர்ந்து கட்டியது. நம் மன்றம் சபா சரவாக்குக்குப் பொருந்தாது, அவர்களுக்குத் தனித்தனிச் சங்கம். கோத்தா கினபாலுவில் மகன் வேலை பார்க்கிறான் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார், அதற்காகச் சொல்கிறேன்.

ஜூலை 11

"1970லேயே அரசாங்கம் ஆரம்பித்துவிட்டது என்றால் லாயர்கள் ஏன் சொந்தக் காசைப் போட்டு இன்னொன்று ஆரம்பிக்க வேண்டும்? பெருமைக்கா?" என்று ஈப்போக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

அந்த அரசாங்கச் சட்டத்தில் கிரிமினல் கேசுக்கு என்ன இடம் கொடுத்திருந்தார்கள் தெரியுமா? குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்காகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாடலாம். பெரும்பாலும் அவ்வளவுதான். "நான் செய்யவில்லை" என்று சொல்கிறவனுக்கு விசாரணையில் நின்று வாதாட அதில் வழியில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். செய்தேன் என்று சொன்னால் அரசாங்கம் உனக்காக ஓர் ஆளை நிறுத்தும். செய்யவில்லை என்றால் உன் பாடு. மரண தண்டனைக் கேசுகளுக்கு மட்டும் கோர்ட்டே லாயரை நியமிக்கும். தூக்குமேடைக்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் இடையில் பெரிய வெட்டவெளி. திருட்டு, அடிதடி, கஞ்சா, கத்தி என்று நம் பையன்கள் மாட்டுகிற எல்லாமே அந்த வெட்டவெளியில்தான் கிடந்தன. அதை நிரப்பத்தான் லாயர்கள் 100 வெள்ளி போட்டார்கள்.

"அரசாங்க லாயர்" என்ற சொல்லே நம் சனங்களைக் கவிழ்த்திருக்கிறது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த அம்மா, கோர்ட்டில் டிபிபி, அதாவது குற்றம் சாட்டுகிற அரசாங்கத் தரப்பு லாயர், எழுந்து நின்றதும் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "கவர்மெண்ட் லாயர் வந்துட்டாரு, இனி பயமில்லை" என்று பக்கத்தில் இருந்த என்னிடம் சொன்னார். அவர்தான் உங்கள் மகனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி வாதாடப் போகிறவர் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மா கையை இறக்கவே இல்லை. கும்பிட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 13

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கூடப்பிறந்த தம்பியிடம் கேட்டேன், "எழுது, இப்ப என்ன" என்றான்.

1994. நான் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். என் தம்பிக்கு 20. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருந்தது என்று பிடித்தார்கள். 11 நாள் லோக்காப். பார்க்கப் போனபோதெல்லாம் நாளைக்கு வா என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். கோர்ட்டுக்குக் கொண்டுவந்த காலையில், "ஒத்துக்க, ஃபைன் கட்டிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று உள்ளே யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டான். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

ஃபைன் கட்டினோம். அம்மாவின் ஒரு சங்கிலி போனது. உண்மையாகவே சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான், எல்லோரும் பாயசம் குடித்தோம். ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 15வது பிரிவில் ஒத்துக்கொண்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், இல்லாவிட்டால் 2 வருடம் வரை சிறை என்பதோடு முடிவதில்லை. 38பி என்று ஒன்று பின்னாலேயே வரும். 2லிருந்து 3 வருடம் கண்காணிப்பு. குறித்த நாளில் போய் நிற்க வேண்டும், மாவட்டம் தாண்டக் கேட்க வேண்டும். அவன் லோரி அட்டெண்டன்ட். ஜொகூர் லோரி அது. வேலை அந்த வாரமே போனது. பின்விளைவு புரிந்துதான் ஒத்துக்கொள்கிறானா என்று மாஜிஸ்திரேட் உறுதிப்படுத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவு சொல்கிறது. கேட்டார்கள், "ஃபஹாம்" என்றான், மலாயில் புரிகிறது என்று. 20 வயதில் அந்தக் கூண்டில் நின்று யார் "ஃபஹாம் இல்லை" என்பார்கள்?

அவன் ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் விடுதலை ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. சோதனை முடிவு இருந்தது. ஆனால் கூண்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் ஒருவர் விவரம் சொல்லியிருந்தால், கண்காணிப்பு வரப்போகிறது என்று தெரிந்தாவது ஒத்துக்கொண்டிருப்பான். எங்களுக்கு யாருமே இல்லை.

ஜூலை 14

"யாருமே இல்லை" என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன். நியாயமில்லை. மன்றத்தின் சட்ட உதவி மையம் அப்போதே பினாங்கில் இருந்தது. நாங்கள்தான் போகவில்லை, இருப்பதே தெரியாது. 1998ல் அதே தீவில் லாயர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மேசை மேல் கிடந்த ஒரு துண்டுத்தாளில் படித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதனால்தான் இந்த இழையில் இப்படி நீட்டி முழக்குகிறேன். இருப்பதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

ஜூலை 14, மாலை

பையனுக்கு 4 நாள் முடிந்து மறுபடி 3 நாள் கேட்டார்களாம், அறவாரியத்து லாயர் எழுந்து எதிர்த்தாராம், மாஜிஸ்திரேட் ஒரு நாள்தான் கொடுத்தாராம். படித்ததும் என் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு நாள் குறைவது லோக்காப்பில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன்தான் சொல்ல முடியும். "ரெண்டு ராத்திரி, அக்கா" என்றான்.

ஜூலை 20

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். வழக்கறிஞர் மன்றம் அரசியல் பண்ணுகிற இடம், ஏழைக்கு உதவுவதெல்லாம் மேல்பூச்சு என்று. தம்பி முதலில் கேட்ட "லாயர் சங்கம் லாயர்களுக்குத்தானே"யும் இதோடு சேர்ந்ததுதான்.

1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 42வது பிரிவை எடுத்துப் பாருங்கள். மன்றம் எதற்கு என்று வரிசையாகச் சொல்லியிருக்கும். முதல் வரியே, தன் நலனையோ உறுப்பினர் நலனையோ பாராமல், அச்சமோ சலுகையோ இல்லாமல் நீதியை நிலைநிறுத்துவது. உறுப்பினர் நலனைப் பாராமல்! தொழிற்சங்கத்துக்கு இப்படி ஒரு சட்டம் எழுத முடியுமா? வசதியில்லாதவர்களுக்கு லாயர் கிடைக்க ஏற்பாடு செய்வதும் அதே பட்டியலில் இருக்கிறது. மன்றம் மனமிரங்கித் தரும் பிச்சை அல்ல அது, கடமை. நம் ஆட்கள் மையத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு போகத் தேவையில்லை.

அரசியல் என்கிறார். நாடாளுமன்ற உறுப்பினரோ கட்சியில் பதவி வகிப்பவரோ மன்றத்தின் நிர்வாகக் குழுவில் இருக்க முடியாது என்று அதே சட்டத்தின் 46ஏ சொல்கிறது. தொழிலில் 7 வருடம் ஆகாத லாயரும் குழுவுக்கு வரக்கூடாது என்று முன்பு அதில் இருந்தது, 2006ல்தான் எடுத்தார்கள். இளம் லாயர்களின் வாயை அடைக்கவே அது வந்தது என்று என் முதலாளி சொல்வார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

2007 செப்டம்பர் 26, புத்ராஜெயா நடைப் பயணம். அப்போது மன்றத்தின் தலைவர் அம்பிகா சீனிவாசன். சுமார் 2,000 லாயர்கள் நீதிமன்ற மாளிகையிலிருந்து பிரதமர் துறைக்கு நடந்தார்கள், நீதிபதி நியமனம் பற்றிய ஒளிப்பதிவை விசாரிக்க அரச ஆணையம் வேண்டும் என்று. பிறகு ஆணையம் வந்தது. அன்று என் முதலாளியும் போயிருந்தார், ஆபீசில் நான் தனியாகப் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "லாயர்களுக்கு எதற்கு இந்த வேலை" என்று எங்களிடம் கேஸ் கொடுத்திருந்த ஒருவர் சத்தம் போட்டார். அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். நீதிபதி சரியில்லை என்றால் இலவச லாயர் வந்து நின்று என்ன பயன்? அந்த நடையும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்த ஒரு நாள் ரிமாண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 21

கோபக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காத லாயரிடம் அவர் பட்டிருக்கிறார். ஐயா, அது வேறு புண், வலிக்கத்தான் செய்யும். அதற்கு லாயர்கள் ஒழுங்கு வாரியம் இருக்கிறது, எழுத்தில் புகார் கொடுக்கலாம். நேற்று உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், மனதில் வைக்காதீர்கள்.

ஜூலை 21, இரவு

பேச்சு பினாங்கு லாயர்கள் பக்கம் போனதால் இது. லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டை ஒட்டி ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறதே, பெண் சிலைகள் நிற்குமே, அது யாருக்கு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற ஸ்காட்லாந்து லாயர். வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் என்று ஊர் அவரை நினைத்தது. 1869ல் மலேரியாவில் இறந்தார். பினாங்குக்குக் கோர்ட் வந்தது 1807 அரச சாசனத்தில். ஆக லாயரும் கோர்ட்டும் நமக்குப் பழசு. ஏழைக்கு லாயர் என்பதுதான் புதுசு.

அந்தச் சின்னத்தின் நிழலில் நின்றுதான் சேம்பரிங் பிள்ளைகள், லாயர் ஆவதற்கு முன் பயிற்சி எடுப்பவர்கள், காலையில் கோட்டை மாட்டுவார்கள். 9 மாதப் பயிற்சி, அதில் சட்ட உதவி வேலையும் கட்டாயம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் லாயர் இல்லாமல் வருகிறவர்களிடம் போய், "உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்க வேண்டும். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு பெண், முதல் நாள் அப்படிக் கேட்கப் போய் ஒரு பெரியவரிடம் மாட்டிக்கொண்டாள். அவருக்கு யாரும் இல்லைதான், கேசும் இல்லை! வெயிலுக்கு ஒதுங்க வந்தவர். முக்கால் மணி நேரம் தன் மருமகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், இவளும் வரிவிடாமல் எழுதிக்கொண்டு வந்தாள். முதலாளி அந்த நோட்டை முழுக்கப் படித்துவிட்டு, "நல்லா கேட்டிருக்கே" என்றார். உண்மையாகவே பாராட்டினார்.

ஜூலை 28

இரண்டு பேர் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில்.

சிவப்பு ஐசி. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது அது. அறவாரியம் மலேசியக் குடிமக்களுக்கு என்றே அமைந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே ரப்பர் பால் வெட்டி, இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கிற நம் பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பேரன் பிடிபட்டால், ஆவணம் இல்லை என்றால், அறவாரியத்தின் கதவு அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் மன்றத்தின் மையத்துக்குப் போங்கள். அங்கே குடியுரிமை பார்த்து விரட்ட மாட்டார்கள். அரசாங்கப் பணம் வந்துவிட்டதே, இனி லாயர்கள் 100 வெள்ளி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இதற்காகத்தான். அரசாங்கப் பணம் அரசாங்கம் வரைந்த கோட்டோடு நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உள்ளம் கொதிக்கிறது.

இங்கிலாந்தில் எப்படி? 1949ல் அங்கே சட்டம் வந்தபோது அரசாங்கம் பணத்தைக் கொடுத்து, திட்டத்தை நடத்துகிற வேலையை லாயர் சங்கத்திடமே விட்டது. சுமார் 40 வருடம் அப்படி ஓடிய பிறகு தனி வாரியத்திடம் போனது. 2012ல் ஒரு சட்டம் போட்டுக் குடும்பம், வீடு, கடன் என்று பல வகைக் கேசுகளை வெட்டியும் விட்டார்கள். அரசாங்கம் கொடுப்பதை அரசாங்கமே எடுக்கவும் முடியும். நம் அறவாரியம் வேலையை ஆரம்பித்ததும் 2012ல்தான். அங்கே வெட்டச் சட்டம் போட்ட வருடம் இங்கே முளைத்தது.

ஆகஸ்ட் 2

பிறைத் தம்பி எழுதியிருக்கிறான். 379ஏயில் குற்றம் சாட்டிவிட்டார்கள். பையன் ஒத்துக்கொள்ளவில்லை, விசாரணை கேட்டிருக்கிறான். ஜாமினில் வீட்டுக்கு வந்துவிட்டான். விசாரணைக்கும் அறவாரியத்து லாயரே வருவாரா, வருமானம் பார்ப்பார்களாமே என்கிறான்.

பார்ப்பார்கள். ஆரம்பத்தில் வைத்த கணக்கு, வருடத்துக்கு 25,000 வெள்ளிக்குள் என்றால் முழுவதும் இலவசம், அதற்கு மேல் 36,000 வரை என்றால் 300 வெள்ளி பங்கு. பையன் கார் கழுவுகிற இடத்தில் மாதம் 1,500 என்றாய். 18,000தான் ஆகிறது. பயப்படாதே, இருந்தாலும் இப்போதைய அளவை அங்கேயே கேட்டுக்கொள்.

அவனுடைய ஐசி நகல் இரண்டு, குற்றச்சாட்டுத் தாள், ஜாமின் ரசீது. சம்பளச் சீட்டு இல்லை என்றால் முதலாளியிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம். அன்று ராத்திரி எங்கே ஏறினான், எத்தனை மணி, வண்டி யாருடையது என்று கூட்டாளி என்ன சொன்னான், இதையெல்லாம் மறப்பதற்கு முன்னால் அவனே தமிழில் எழுதட்டும். அக்கா திருத்த வேண்டாம், நீயும் திருத்த வேண்டாம்.

கோர்ட் தேதி 21 புதன்கிழமை என்றாய். என் தம்பி அன்றைக்கு லீவு போட்டிருக்கிறான். பையனோடு வந்து பின் பெஞ்சில் உட்காருகிறானாம். ஆட்சேபணை இல்லை என்றால் சொல், காலை எட்டரைக்கு கோர்ட் வாசலில் நிற்பான்.